கிருஷ்ணகிரி கோட்டையில அரண்மனை எந்தப் பக்கம் இருக்கு? தெரிஞ்சவங்க சொல்லுங்க

பழையபேட்டை பையன்:
ஒரு வாட்ஸ்அப் க்ரூப்ல "கிருஷ்ணகிரி கோட்டை அரண்மனை"ன்னு நாலஞ்சு போட்டோ வந்துச்சு, கூம்பு மாதிரி கூரை வச்ச பல மாடி கோபுரம் ஒண்ணு, மலை உச்சியில வளைவு வளைவா ஒரு தர்பார் மண்டபம், பெரிய நெற்களஞ்சியம் வேற. நான் பொறந்து வளந்ததே இந்த மலை அடிவாரத்துலதான், மேல ஏறிருக்கேன், மதிலு, சுனை, இடிஞ்ச சுவரு, தர்கா, இத தவிர ஒண்ணும் கண்ணுல படலயே. வேற ஏதாச்சும் வழி இருக்கா, இல்ல எல்லாத்தையும் இடிச்சுட்டாங்களா? சொந்தக்காரங்க வராங்க, காட்டலாம்னு பாத்தேன்.

ஊத்தங்கரை வாத்தியார்:
தம்பி, அது நம்ம ஊரே இல்ல, செஞ்சி. அங்க ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரின்னு மூணு மலைய சுத்தி மதில் இழுத்து ஒரே கோட்டையா கட்டிருக்காங்க, எவனோ பேர பாத்துட்டு நம்ம ஊருல கோத்து விட்டுட்டான். நீங்க சொல்ற தர்பார் மண்டபம் அந்த கிருஷ்ணகிரி மலை உச்சியில இருக்கு, ராணி கோட்டைன்னுவாங்க, ஜன்னல் ஓரம் உக்காந்தா காத்து பிச்சுக்கும். கூம்பு கூரை கோபுரம் ராஜகிரி அடிவாரத்துல இருக்குற கல்யாண மகால். நடுவுல கோபுரம், சுத்தி சதுரமா முற்றம், அந்தப்புர அறைங்க. வெளிய இருக்குற குளத்துல இருந்து சுட்ட மண் குழாய் வழியா உள்ள தண்ணி கொண்டு வந்திருக்காங்க. நம்ம வீட்டு ரெண்டாவது மாடிக்கு மோட்டர் போட்டாலும் தண்ணி ஏறல, அத விடுங்க. பக்கத்துலயே தொல்லியல் துறை தோண்டி எடுத்த அரண்மனை இடம், அங்க அடித்தளமும் கல் மேடையும்தான் மிச்சம்.

மலைப்பித்தன்:
வாத்தியார் சொன்னது சரி. ராஜகிரி உச்சிக்கு போற வழியில பாறை ரெண்டா பிளந்து கெடக்கும், அது மேல பாலம். அந்த காலத்துல அத எடுத்துட்டா ஒருத்தனும் உள்ள வர முடியாது. சிவாஜி மகன் ராஜாராம் உள்ள இருந்தப்போ மொகலாய படை 1690ல இருந்து 1698 வரைக்கும் வெளியவே காத்து கெடந்துச்சு, அதுக்கு முன்னாடி 1677ல சிவாஜி பிடிச்சாரு. ராஜா தேசிங்கு கதை எல்லாருக்கும் தெரியும், 1714. 2025ல யுனெஸ்கோ பட்டியல்ல மராட்டிய கோட்டைங்க 12 சேத்தாங்கல்ல, அதுல மகாராஷ்டிராவுக்கு வெளிய இருக்குறது செஞ்சி மட்டும்தான்.

காவேரிப்பட்டணம் காரன்:
எல்லாரும் செஞ்சி செஞ்சின்னா நம்ம கோட்டை என்ன வெறும் பாறையா? 1791 நவம்பர்ல மேக்ஸ்வெல்னு ஒரு இங்கிலீஷ் தளபதி படையோட வந்து கீழ் கோட்டையும் பேட்டையும் பிடிச்சான், மேல் கோட்டைய தொட முடியல. திப்பு ஆளுங்க மேல இருந்து கல்ல உருட்டி விட்டாங்க, திரும்பி போயிட்டான். ராயக்கோட்டை அதே வருஷம் ஜூலையிலயே விழுந்துடுச்சு, நம்மது விழல. 1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில திப்பு பாராமகாலையே, அதாவது நம்ம சுத்துப்பட்டு சீமையையே, எழுதி குடுத்ததாலதான் கிழக்கிந்திய கம்பெனி கைக்கு போச்சு.

ஊத்தங்கரை வாத்தியார்:
யாரு இல்லன்னா? ரெண்டும் வேற வேற வேலைக்கு கட்டுனது. செஞ்சி நாயக்கருங்க குடும்பத்தோட இருந்து ஆண்ட தலைநகரம், அதனால அந்தப்புரம், யானைக்குளம், குதிரை லாயம், வெங்கட்ரமணர் கோயில் எல்லாம் வேணும். நம்மது எல்லையில நின்னு கணவாய பாத்துக்கற கோட்டை. ஐதரும் திப்புவும் குடியிருக்க மாளிகை கட்டுனது ஸ்ரீரங்கப்பட்டணத்துலயும் பெங்களூருலயும்தான், இங்க கிலேதாரும் (கோட்டைத் தலைவர்) சிப்பாயும் இருந்தா போதும். அவங்களுக்கு தண்ணிக்கு சுனை, வெடிமருந்து வைக்க அறை, தானியம் வைக்க இடம், அவ்ளோதான் தேவை.

பழையபேட்டை பையன்:
ஓ அப்படியா, ரொம்ப தேங்க்ஸ் சார். அப்போ செஞ்சிக்கே கூட்டிட்டு போயிடறேன், வழி எப்படி?

மலைப்பித்தன்:
ஊத்தங்கரை, செங்கம், திருவண்ணாமலை, அப்புறம் செஞ்சி, ஒரே ரோடுதான். விடியக்காலையிலயே கெளம்புங்க தல, சாயங்காலம் நெருங்குனா ராஜகிரி மேல ஏற விடமாட்டாங்க. குரங்கு தொல்லை ஜாஸ்தி, கையில பிஸ்கட் பாக்கெட் வச்சுட்டு ஏறாதீங்க. வயசானவங்க இருந்தா கல்யாண மகாலோட நிறுத்திக்கோங்க, அங்கயே அரை நாள் போயிடும். அந்த போட்டோ போட்டவருக்கும் இந்த லிங்க்க அனுப்பி விடுங்க.