மறு: லிப்ரெட்டோவுக்கு என்ன சொல்லலாம்?

நண்பர்களே,

லிப்ரெட்டோவுக்கு, அதாவது இசைநாடகத்தில் பாடுவதற்காக எழுதப்படும் முழு எழுத்துக்கு, தமிழில் என்ன சொல்லலாம் என்று கேட்டிருந்தீர்கள். 'பாடல்நூல்' என்ற சொல்லை நேற்று ஒரு மொழிபெயர்ப்பில் போட்டுப் பார்த்தேன், இரண்டாவது பத்தியிலேயே இடறியது. கட்டுரை 'எலெக்ட்ரா' என்ற ஜெர்மன் இசைநாடகம் உருவான கதை. அதில் பாடல் என்று தனியாகப் பிரித்தெடுக்க ஒன்றும் கிடையாது, திரை ஏறியதிலிருந்து இறங்கும்வரை ஏறக்குறைய ஒன்றே முக்கால் மணி நேரம் ஒரே ஓட்டம்தான். 'வசனம்' என்றும் சொல்ல முடியாது, பாடுகிறார்களே!

'பிரதி' என்று விட்டுவிடலாமே என்று ஒருவர் கேட்டிருந்தார். அங்கேதான் சிக்கல். சோபாக்ளிஸின் கிரேக்க நாடகத்தை எடுத்து ஹோஃப்மன்ஸ்தால் தன் போக்கில் ஜெர்மனில் எழுதியது முதலில் வெறும் மேடை நாடகம், 1903இல் பெர்லினில் நடித்தார்கள். அப்புறம் ரிச்சர்ட் ஸ்ட்ராவுஸ் அதையே நிறைய வெட்டி இசையமைத்து, 1909 ஜனவரியில் ட்ரெஸ்டனில் அரங்கேறியது. ஆக நாடகப் பிரதி எப்படி லிப்ரெட்டோ ஆனது என்று ஒரே வாக்கியத்தில் எழுதியாக வேண்டும், இரண்டும் 'பிரதி' என்றால் வாசகர் என்னதான் செய்வார்?

செத்துவிட்டான் என்று நம்பிய தம்பி ஓரெஸ்டஸை எலெக்ட்ரா அடையாளம் காணும் இடத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். இங்கே இசை கொஞ்சம் நின்று மூச்சுவிட வேண்டும், சில வரிகள் எழுதித் தாருங்கள் என்று 1908இல் ஸ்ட்ராவுஸ் கடிதம் போட்டார், ஹோஃப்மன்ஸ்தாலும் எழுதிக் கொடுத்தார். மேடை நாடகத்துக்குத் தேவைப்படாத வரிகள், பாடுவதற்கென்றே பிறந்தவை.

அதனால் என் பரிந்துரை: பாடுபனுவல். வினைத்தொகை, 'பாடுபொருள்' மாதிரி, நடுவில் ப் மிகாது. பாடிய, பாடுகிற, இனிப் பாடப்போகிற எல்லாவற்றுக்கும் பொருந்தும். எழுதுகிறவர் பனுவலாசிரியர். ('பாடலாசிரியர்' என்றால் சினிமாதான் நினைவுக்கு வரும்.) 'இசைப்பனுவல்' எனக்கும் பிடிக்கும், ஆனால் அதைப் பார்த்ததும் இசைக்குறிப்பு எழுதிய தாள் என்றுதான் நானே நினைத்தேன்.

லிப்ரெட்டோ என்றால் இத்தாலியனில் சின்னப் புத்தகம். நம் டூரிங் டாக்கீஸ் வாசலில் விற்ற பாட்டுப் புத்தகம் நினைவுக்கு வந்து கொஞ்சம் சபலப்பட்டேன், ஆனால் 'பாடல்நூல்' இடறிய அதே இடத்தில் இதுவும் இடறும்.

பனுவல் கடினம் என்பவர்களுக்கு 'பாடுநூல்' இருக்கிறது. எனக்கு அரை மனதுதான்: நூல் என்றதும் அச்சான புத்தகம்தான் கண்ணில் நிற்கிறது, ஸ்ட்ராவுஸ் கேட்டு வாங்கிய வரிகளோ அப்போது கையெழுத்தில்தான் இருந்தன. மறுப்பு இருந்தால் வெள்ளிக்குள் சொல்லுங்கள், கட்டுரையை அனுப்ப வேண்டும்.