ஒன்ராறியோவில் ஸ்பீடுக்குப் பொலிஸ் மறித்தால்: வன்னியிலிருந்து வந்தவர்களுக்கு

கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கமிருந்து புதிதாக வந்து இங்கே கார் ஓடத் தொடங்கியிருக்கும் தம்பி, தங்கச்சிமாருக்கு இது. கனடாவில் மாகாணத்துக்கு மாகாணம் சட்டம் மாறும். நான் சொல்வது ஒன்ராறியோவுக்கு மட்டும்.

ஊரில் பரந்தன் தாண்டி ஏதாவது மர நிழலில் பொலிஸ்காரர் நின்று கையைக் காட்டுவார். மோட்டார் சைக்கிளை ஓரங்கட்டி, ஹெல்மெட்டைக் கழற்றி, லைசன்ஸும் இன்சூரன்ஸும் கையுமாக அவரிடம் நடந்து போவோம். அங்கே அதுதான் மரியாதை. இங்கே தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். பொலிஸ் கார் பின்னால் சிவப்பும் நீலமுமாக லைற்றைப் போட்டுக்கொண்டு வந்தால், வலப்பக்கம் ஒதுங்கி நிறுத்திக் கண்ணாடியை இறக்குங்கள். இரண்டு கையும் ஸ்ரியரிங்கில் இருக்கட்டும். இரவென்றால் காருக்குள் லைற்றைப் போடுங்கள். அவர்தான் உங்களிடம் நடந்து வருவார். நீங்கள் கதவைத் திறந்து இறங்கினால், என்ன செய்யப் போகிறாரோ என்றுதான் அவர் பார்ப்பார். கடதாசிகள் டாஷ்போர்ட் பெட்டிக்குள் இருந்தால், "எடுக்கவா" என்று கேட்டுவிட்டுக் கையை விடுங்கள்.

சரி, அவருக்கு விதி இல்லையா? நிறையவே இருக்கிறது. நெடுஞ்சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 216ஆம் பிரிவின்படி, பொலிஸ் என்று பார்த்தவுடன் தெரிகிற ஒருவர், தன் கடமையைச் செய்யும்போது மறித்தால் நாங்கள் நிற்க வேண்டும். லைசன்ஸ், இன்சூரன்ஸ் பார்க்கவும், குடித்திருக்கிறாரா என்று பார்க்கவும் சந்தேகம் எதுவும் இல்லாமலேகூட மறிக்கலாம். 1990இல் லடூசர் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டது. ஆனால் மறித்த காரணத்தை அவர் சொல்ல வேண்டும். உரிமைச் சாசனத்தின் 10ஆம் பிரிவில் அது இருக்கிறது. "என்ன காரணத்துக்கு மறித்தீர்கள்" என்று தன்மையாகக் கேட்பது எதிர்த்துப் பேசுவது ஆகாது.

"எவ்வளவு வேகத்தில் வந்தீர்கள் தெரியுமா?" இந்தக் கேள்வியில்தான் எங்கள் ஆட்கள் கூடுதலாக மாட்டுப்படுகிறார்கள். லைசன்ஸ், வாகனப் பதிவு, இன்சூரன்ஸ், இந்த மூன்றையும் கொடுக்கத்தான் வேண்டும். வேகத்தைப் பற்றி நீங்களே வாயைத் திறந்து சொல்லச் சட்டம் கேட்கவில்லை. பதற்றத்தில் "ஒரு எண்பதில் வந்திருப்பேன் சேர்" என்றால், அது அப்படியே அவருடைய நோட்டில் ஏறும், பிறகு நீதிமன்றத்தில் வாசிக்கப்படும். பொய்யும் சொல்ல வேண்டாம், வாக்குமூலமும் கொடுக்க வேண்டாம்.

ரேடாரில் விழுந்த இலக்கத்தை அந்த இடத்திலேயே காட்டும்படி அவரைக் கட்டாயப்படுத்த முடியாது. ரோட்டில் நின்று அதற்காகச் சண்டை பிடிப்பது வீண். வழக்குக்குப் போவதென்றால் அவருடைய குறிப்புகளையும், கருவியைச் சோதித்துப் பார்த்த விபரத்தையும் முன்கூட்டியே கேட்டுப் பெறலாம்.

காரைச் சோதிக்க, ஸ்பீடாக வந்தது மட்டும் காரணமாகாது. "டிக்கியைப் பார்க்கலாமா?" என்று கேட்டால், "விருப்பமில்லை" என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. உள்ளே மதுவோ கஞ்சாவோ முறைகேடாக இருக்கிறது என்று நம்ப நியாயமான காரணம் இருந்தால் அது வேறு கதை. ஓமந்தைச் சோதனைச் சாவடியில் வரிசையில் நின்று பையைத் திறந்து காட்டி வளர்ந்தவர்களுக்கு யூனிபோமைக் கண்டாலே கை நடுங்கும். நடுக்கம் மட்டும் சோதனைக்குக் காரணமாகாது. ஆனால் ஊதச் சொன்னால் ஊதத்தான் வேண்டும்: 2018 டிசம்பரிலிருந்து, சட்டப்படி மறித்த எவரிடமும், கையில் கருவி இருந்தால், சந்தேகமில்லாமலே கேட்கலாம். மறுத்தால் குற்றவியல் வழக்கு.

லைசன்ஸுக்குள் காசுத் தாளை மடித்து வைத்துக் கொடுக்கும் யோசனை கனவிலும் வேண்டாம். பொலிசுக்கு லஞ்சம் கொடுக்கப் பார்த்தால் 14 வருடம் வரை சிறை வைக்கச் சட்டத்தில் இடமிருக்கிறது. சில நூறு டொலர் ரிக்கற்றுக்காக வாழ்க்கையைக் கெடுப்பதா?

இலங்கையில் லைசன்ஸை வாங்கி வைத்துக்கொண்டு துண்டு தருவார்கள், தபாற்கந்தோரில் தண்டம் கட்டிவிட்டுப் போய் மீட்போம். இங்கே சாதாரண ரிக்கற் என்றால் லைசன்ஸ் உடனே திரும்பக் கையில் வரும். அதனால்தான் பலர் ரிக்கற்றை மறந்துவிடுகிறார்கள். 15 நாளுக்குள் கட்டலாம், அரசுத் தரப்பு வழக்குரைஞருடன் பேசக் கேட்கலாம், அல்லது விசாரணை கேட்கலாம். ஒன்றும் செய்யாவிட்டால் நீங்கள் இல்லாமலே குற்றவாளியாக்கிவிடுவார்கள். விசாரணைக்குத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் இலவசம், ஆனால் முன்கூட்டியே கேட்க வேண்டும். உங்கள் பெயரில் ஓர் எழுத்துப் பிழை இருந்தால் ரிக்கற் செல்லாது என்று கடைவாசலில் சொல்பவர்களை நம்பாதீர்கள்.

லைசன்ஸில் விழும் தண்டனைப் புள்ளிக் கணக்கு: வேக எல்லையைவிட மணிக்கு 15 கிலோமீட்டர் வரை கூடினால் புள்ளி இல்லை, 16 முதல் 29 வரை 3, 30 முதல் 49 வரை 4, அதற்கு மேல் 6. புள்ளி இல்லாவிட்டாலும் குற்றம் பதிவானால் இன்சூரன்ஸ் கூடலாம். ஜி2 (புது ஓட்டுநருக்கான, முழு லைசன்ஸுக்கு முந்தைய படி) வைத்திருப்பவர்கள் கவனம்: ஒரே தடவையில் 4 புள்ளி விழுந்தால் 30 நாள் லைசன்ஸ் போகும். வேக எல்லை 80க்குக் குறைந்த ரோட்டில் எல்லையைவிட 40 கூடுதலாகப் போனால், ஹைவேயில் 150ஐத் தொட்டால், அந்த இடத்திலேயே லைசன்ஸ் 30 நாளும் கார் 14 நாளும் பறிபோகும். மச்சானின் காராக இருந்தாலும் இழுத்துக்கொண்டு போவார்கள். மச்சானிடம் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

ஒரு தங்கச்சி, காரில் பக்கத்தில் இருப்பவரும் பொலிசிடம் பெயர் சொல்ல வேண்டுமா என்று கேட்டிருந்தார். ஸ்பீடுக்கு மறித்தால் பொதுவாகத் தேவையில்லை. சீற் பெல்ற் போடாமல் இருந்திருந்தால் சொல்லத்தான் வேண்டும்.

பொலிஸ் மரியாதையில்லாமல் நடந்தால் ரோட்டில் வாதாட வேண்டாம். பட்ஜ் நம்பர், கார் நம்பர், நேரம், இடம் எல்லாவற்றையும் வீட்டுக்குப் போனதும் எழுதி வையுங்கள். முறைப்பாடு எடுப்பதற்கென்றே லீகா என்ற தனி அமைப்பு இருக்கிறது. 2024 ஏப்ரலில் இருந்து அந்தப் பெயரில் இயங்குகிறது. பொலிஸ் நிலையத்துக்கே போய் நிற்கத் தேவையில்லை, ஆனால் ஆறு மாதத்துக்குள் கொடுத்துவிடுங்கள்.