கோத்தகிரியில் கேம் நடுவே அணைந்துபோகும் கிராஃபிக்ஸ் கார்டு: ஈரமா, கரண்டா?

கோத்தகிரி_கேமர்:
வணக்கம். ஆர்டிஎக்ஸ் 3070 கார்டு, 600 வாட் எஸ்எம்பிஎஸ் (கம்ப்யூட்டருக்குள் கரண்ட் கொடுக்கும் பெட்டி). கார்டு செகண்ட் ஹேண்ட். பெரிய கேம் எதை ஓட்டினாலும் கால் மணி நேரத்தில் திரை கறுத்து, கம்ப்யூட்டரே ரீஸ்டார்ட் ஆகிறது. படம் பார்த்தால் ஒன்றும் இல்லை. சாயங்காலம்தான் தொல்லை அதிகம். டிடியு என்ற நீக்கும் புரோகிராம் போட்டு டிரைவரைச் சுத்தமாக எடுத்துப் புதிதாகப் போட்டும் மாற்றமில்லை. சூடு 70 டிகிரியைத் தாண்டவில்லை. கோயம்புத்தூரில் ஒரு கடைக்குக் கார்டை மட்டும் கொண்டுபோனேன். அங்கே அருமையாக ஓடுகிறது, கோளாறு இல்லை என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். என்ன செய்யலாம்?

தேயிலைக்காட்டான்:
தம்பி, கீழே ஓடுகிறது, மேலே ஓடவில்லை என்றால் ஈரம்தான். நமக்கு வடகிழக்குப் பருவமழைதான் பெரிய மழை. அந்த மாதங்களில் மூடுபனி ஜன்னல் வழியாக வீட்டுக்குள்ளேயே வந்துவிடும். கார்டைக் கழற்றி, ஸ்லாட்டில் சொருகும் தங்க நிறப் பற்களை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். சாம்பல் பூத்த மாதிரி மெல்லிய படலம் தெரியும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்து, நன்றாகக் காய்ந்தபிறகு மாட்டுங்கள். இன்னொன்று, நம் ஊர் ஏறக்குறைய 1,800 மீட்டர் உயரம். காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தைவிட ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைவு. ஃபேன் எவ்வளவு வேகமாகச் சுற்றினாலும் அள்ளிப்போகும் சூடு குறைவுதான். அதனால் சிப்பின் சூட்டைக் கடத்தும் பேஸ்ட்டையும் மாற்றிவிடுங்கள்.

வோல்ட்மீட்டர்:
அண்ணே, காற்று மெலிந்தது என்பது சரி, ஆனால் கணக்கைப் போட்டுப் பாருங்கள். சென்னையில் 35 டிகிரி அறையில் 80 தொடுகிற கார்டு அறையைவிட 45 டிகிரி ஏறுகிறது. மெல்லிய காற்றால் அந்த ஏற்றம் கால் பங்கு கூடினாலும் 56. இங்கே அறை 16 டிகிரி என்றால் மொத்தம் 72தான். தம்பி சொல்கிற 70 அதோடு ஒத்துப்போகிறது. அந்தச் சூட்டில் எந்தக் கார்டும் அணையாது. ஈரம் என்றால் விடியற்காலையில், எல்லாம் சில்லிட்டுக் கிடக்கும்போது தொல்லை தரவேண்டும். கால் மணி நேரம் ஓடிச் சூடேறிய கார்டின்மேல் நீர் கோக்காது. கோயம்புத்தூர்க் கடைக்காரர் தன்னுடைய எஸ்எம்பிஎஸ்ஸில் மாட்டித்தானே பார்த்தார்? அங்கே மாறியது ஈரம் மட்டும் இல்லை.

பிக்சல்_கொடை:
சண்டைக்கு முன்னால் லாகைப் பாருங்கள். டிரைவர் பதில் சொல்லாமல் 2 செகண்ட் போனால் விண்டோஸ் அதை மீட்டு எழுப்பப் பார்க்கும். ஈவென்ட் வியூவரில் டிஸ்ப்ளே 4101 என்று பதிவாகும். பெரும்பாலும் கேம் மட்டும் மூடி டெஸ்க்டாப் வந்துவிடும். முழு மெஷினும் விழுந்தால் கெர்னல்-பவர் 41. உங்களுக்கு எது வருகிறது?

கோத்தகிரி_கேமர்:
41 மட்டும்தான். பக்செக் கோட் (புளூ ஸ்கிரீனின் எரர் எண்) 0. 4101 ஒன்றுகூட இல்லை.

வோல்ட்மீட்டர்:
அப்படியென்றால் புளூ ஸ்கிரீன் வரக்கூட நேரமில்லாமல் கரண்ட் அறுந்திருக்கிறது. 3070-க்கு 220 வாட் என்று போட்டிருந்தாலும், கண்ணிமைக்கும் நேரத்துக்கு அதைவிட நிறைய இழுக்கும். என்விடியாவே 650 வாட் எஸ்எம்பிஎஸ் வைக்கச் சொல்கிறது. ஸ்டெபிலைசர் வழியாகவா போகிறது?

கோத்தகிரி_கேமர்:
ஆமாம், ரிலே ஸ்டெபிலைசர். சாயங்காலம் டக் டக்கென்று அடித்துக்கொண்டே இருக்கும். கறுத்துப்போகும்போதும் அந்தச் சத்தம் கேட்ட ஞாபகம்.

தேயிலைக்காட்டான்:
லோ வோல்டேஜை எல்லாத்துக்கும் காரணமாக்காதீர்கள். எஸ்எம்பிஎஸ் 100 வோல்ட்டில் இருந்து 240 வரை தாங்கும், அதற்காகத்தான் அப்படிச் செய்கிறார்கள். 170-க்கு இறங்கினாலும் அது கண்டுகொள்ளாது. இந்த மலையில் ஈரத்தால் பாழான போர்டுகளை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். பச்சைப் பூத்துப்போய் இருக்கும்.

வோல்ட்மீட்டர்:
எல்லா எஸ்எம்பிஎஸ்ஸும் அப்படி இல்லை அண்ணே. விலை குறைந்த பலவற்றின் லேபிளில் 200-240 என்றுதான் இருக்கும். 170 வந்தால் அதற்கு மூச்சு முட்டும். சீசன் நேரத்தில் சாயங்காலம் எல்லா வீட்டிலும் காட்டேஜிலும் கீசரும் ஹீட்டரும் ஒன்றாக ஓடுகின்றன, லைன் முனையில் இருப்பவர்களுக்கு என்ன மிஞ்சும்? அதோடு ஸ்டெபிலைசர் ரிலே மாறும்போது நொடிப்பொழுது கரண்ட் விட்டுப்போகும். நல்ல எஸ்எம்பிஎஸ் 16, 17 மில்லிசெகண்ட் தாக்குப்பிடிக்கும். மட்டமானது முழு லோடில் அதில் பாதிகூடத் தாங்காது. படம் பார்க்கும்போது லோடு இல்லை, அதனால் விழுவதில்லை. கேமில் விழுகிறது. தம்பி, செலவில்லாத சோதனை ஒன்று: ஆஃப்டர்பர்னர் என்ற கார்டு செட்டிங் புரோகிராமில் பவர் லிமிட்டை 70 சதவீதம் ஆக்குங்கள், ஃபிரேமை நொடிக்கு 60-இல் கட்டுங்கள், சாயங்காலமே விளையாடுங்கள். எஸ்எம்பிஎஸ்ஸில் இருந்து வரும் ஒரே கேபிளின் இரண்டு தலையைக் கார்டில் மாட்டியிருந்தால், தனித்தனி கேபிளாக மாற்றுங்கள்.

கோத்தகிரி_கேமர்:
சொன்னபடி 70 வைத்து ஏழு மணியில் இருந்து ஒன்பது வரை ஓட்டினேன், விழவில்லை. திரும்ப 100 ஆக்கினேன், சீக்கிரமே விழுந்தது. எலக்ட்ரீஷியன் அண்ணன் மீட்டர் வைத்துப் பார்த்தார். பிளக்கில் 174. எஸ்எம்பிஎஸ் லேபிளில் 200-240 என்றுதான் இருக்கிறது. ஒரே கேபிளைத்தான் இரண்டு இடத்திலும் சொருகியிருக்கிறேன்.

பிக்சல்_கொடை:
இன்வெர்ட்டர் இருந்தால் அதன் பின்பக்கம் பாருங்கள். நிறைய மாடலில் யுபிஎஸ் மோடு, நார்மல் மோடு என்று சுவிட்ச் இருக்கும். நார்மலில் மாறுவதற்கு அதிக நேரம் எடுக்கும், கம்ப்யூட்டர் தாங்காது. பழைய ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர் என்றால் கம்ப்யூட்டரை அதில் மாட்டவே வேண்டாம்.

வோல்ட்மீட்டர்:
100-240 லேபிள் உள்ள 750 வாட் ஒன்றை யாரிடமாவது இரவல் வாங்கி, ஸ்டெபிலைசர் இல்லாமல் நேராக மாட்டிப் பாருங்கள். கார்டைத் திறக்காதீர்கள், பேஸ்ட்டையும் தொடாதீர்கள்.

தேயிலைக்காட்டான்:
எஸ்எம்பிஎஸ் மாற்றுங்கள், நான் தடுக்கவில்லை. ஆனால் மாற்றும்போது எப்படியும் கேபினெட்டைத் திறக்கத்தான் போகிறீர்கள். அந்தப் பற்களைத் துடைத்துவிட்டே மாட்டுங்கள். அக்டோபர் மழை வந்தபிறகு 100 சதவீதத்திலும் விழாமல் ஓடினால் இங்கே வந்து சொல்லுங்கள். அதுவரை ஈரம் இல்லை என்று நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.