தெற்கு பார்த்த பால்கனி: தை மாசம் அடிச்ச வெயில் இப்ப எங்க போச்சு?

பால்கனி விவசாயி:
எல்லாருக்கும் வணக்கம். வேலூர் சத்துவாச்சாரில அபார்ட்மெண்ட், ரெண்டாவது மாடி, வாடகை வீடு. பால்கனி பத்தடி நீளம் நாலடி அகலம் இருக்கும், தெற்கு பாத்தது. தை மாசம் குடி வந்தப்ப வெயில் பால்கனிய தாண்டி ஹால் வரைக்கும் வந்து விழும், அத பாத்துட்டுதான் குரோ பேக் வாங்கி தக்காளி, பச்ச மிளகா, ஒரு கறிவேப்பில கன்னு எல்லாம் வச்சேன். இப்ப அக்னி நட்சத்திரம் முடிஞ்சும் ஊர் கொதிக்குது, தெருவுல கால் வைக்க முடியல, ஆனா என் பால்கனிக்குள்ள மட்டும் ஒரு பொட்டு வெயில் வரல! எதுக்க புதுசா எந்த பில்டிங்கும் வரல. தக்காளி நெடுநெடுன்னு கம்பி மாதிரி வளந்து நிக்குது, பூ வருது, கொட்டிடுது. கறிவேப்பில வேற மஞ்சளாயிட்டே போவுது, இலை நரம்பு மட்டும் பச்சையா இருக்கு. மண்ணு மேல வெள்ளையா பூத்து கெடக்கு. போர் தண்ணிதான் ஊத்தறேன். மொட்ட மாடில வைக்க அசோசியேஷன்ல விடமாட்டேங்கறாங்க. இந்த பால்கனில என்னதான் வளரும்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பாகாயம் மாடிவாசி:
தம்பி உங்க வெயில் எங்கயும் போகல, கட்டடத்துக்கு பின்னாடி போயிருக்கு. சூரியன் எப்பவும் தெக்கால சாஞ்சுதான் போகும்னு நெறைய பேர் நெனச்சுக்கறாங்க, நம்ம ஊர் கிட்டத்தட்ட 13 டிகிரி வடக்குல இருக்கு, அதனால ஏப்ரல் கடைசில சூரியன் நேர் உச்சிக்கு வந்து, அதுக்கப்புறம் ஆகஸ்ட் மூணாவது வாரம் வரைக்கும் மத்தியானத்துல நமக்கு வடக்கு பக்கமாதான் போகுது. ஜூன்ல உதிக்கிறதே வடகிழக்குல, மறையறது வடமேற்குல. அப்ப தெக்கு பால்கனிக்கு எங்க இருந்து வெயில் வரும்? உங்க பில்டிங்லயே வடக்கு சைடு வீட்டுக்காரங்கள கேட்டு பாருங்க, அவங்க சமையல் ரூம் ஜன்னல்ல வெயில் வந்து நிக்கும்.

இது ஒரு வகைல உங்களுக்கு லாபம்தான். மே மாசம் மேக்கு பாத்த பால்கனி வச்சிருக்கறவங்க நெலமைய பாத்தா தெரியும், சாயங்கால வெயில்ல செவுரு காஞ்சு செடி வெந்துடும். தக்காளிக்கு எப்படியும் இது சீசன் இல்ல, ராத்திரில கூட சூடு எறங்கலன்னா பூ நிக்காது, வெயில் இருந்திருந்தாலும் இந்த மாசம் கொட்டிதான் இருக்கும். அத எடுத்துட்டு மண்ண ஆற போடுங்க. ஆடில தக்காளியும் கத்திரியும் ட்ரேல வெதச்சு நாத்து விடுங்க, ஒரு மாசத்துல எடுத்து பேக்ல நடலாம். செப்டம்பர் கடைசில மத்தியான வெயில் ரெண்டடி உள்ள வரும், டிசம்பர்ல ஆறடி தாண்டி வரும் (மேல சிலாப் ஒம்பதடி உசரம்னு வச்சு சொல்றேன்). செடி பூக்கற நேரமும் வெயில் உள்ள வர்ற நேரமும் சரியா சேந்துக்கும்.

ஒரு விஷயம், உங்க கைப்பிடி சுவரு கம்பியா, முழு செவுரா? முழு செவுருன்னா அதோட நெழல் தரைல வச்ச தொட்டி மேலதான் விழும், செடி வெயில தேடி நீண்டுகிட்டே போகும். தொட்டிய ஸ்டாண்டு மேல ஏத்தி வாய் செவுரு மட்டத்துக்கு வர்ற மாதிரி வைங்க.

காட்பாடிக்காரி:
வெயில் கத சார் சொல்லிட்டாங்க, நான் கறிவேப்பிலைக்கு வர்றேன். நரம்பு பச்ச, நடுவுல மஞ்சள், அதுவும் கொழுந்து இலைல மொதல்ல வந்தா அது இரும்பு சத்து பத்தல. மண்ணுல இரும்பு இல்லன்னு இல்ல, நம்ம ஊர் போர் தண்ணில இருக்கற சுண்ணாம்பு சேந்து சேந்து வேர் அத எடுக்க முடியாம போயிடுது. மண்ணு மேல பூத்துருக்கற வெள்ளையும் அந்த உப்புதான். மேல் மண்ண ரெண்டு இஞ்சு சுரண்டி எடுத்துட்டு மக்குன உரம் போடுங்க. நாட்டு மருந்து கடைல அன்னபேதின்னு (இரும்பு சல்பேட்) கேட்டா தருவாங்க, ஒரு லிட்டர் தண்ணிக்கு 5 கிராம், அதுல கொஞ்சம் எலுமிச்ச சாறு புழிஞ்சு சாயங்காலமா இலைல ஸ்ப்ரே பண்ணுங்க, புது கொழுந்து பச்சையா வரும். புளிச்ச மோர் தண்ணியா கரைச்சு வேர்ல ஊத்தறது எங்க அம்மா காலத்து பழக்கம், அதுவும் நல்லதுதான்.

தண்ணிக்கு என்ன பண்றதுன்னா, ஏசில இருந்து சொட்டற தண்ணிய ஒரு பக்கெட் வச்சு புடிங்க, அதுல உப்பே இருக்காது. அரிசி கழுவுன தண்ணி, காவிரி தண்ணி வர்ற அன்னைக்கு ஒரு குடம், மழ பேஞ்சா மழ தண்ணி. ஆர்ஓ மெஷின்ல இருந்து வெளிய வர்ற கழிவு தண்ணிய மட்டும் செடிக்கு ஊத்தாதீங்க, போர் தண்ணிய விட உப்பு அதுலதான் ஜாஸ்தி. அபார்ட்மெண்ட்ல தண்ணிக்கு சாஃப்ட்னர் மெஷின் போட்டிருக்காங்களான்னும் கேளுங்க, சோப்பு நல்லா நொரைக்கும், துணிக்கு நல்லது, ஆனா அது சுண்ணாம்ப எடுத்துட்டு சோடியம் விடற வேல, செடிக்கு இன்னும் மோசம்.

முள்ளுகத்திரி:
இன்னாபா எல்லாரும் பாடம் எடுக்கறீங்க, அவரு இப்ப இன்னா சாப்பிடறதுன்னு கேக்கறாரு 😄

தம்பி வெயில் இல்லாமயே வர்றது நெறைய கீது. நேதாஜி மார்க்கெட்ல புதினா கட்டு வாங்கறப்ப தண்டு நல்லா மொத்தமா கெட்டியா இருக்கறதா பாத்து எடு, இலைய கிள்ளி துவையலுக்கு போட்டுட்டு தண்ட ஒரு டம்ளர் தண்ணில நிக்க வையி, கணு கிட்ட வெள்ள வெள்ளயா வேரு நூல் மாதிரி எறங்கும், அப்ப எடுத்து அகலமான தட்டு தொட்டில நடு, ஆழம் தேவல்ல. பொன்னாங்கண்ணியும் அதே மாதிரி குச்சிலயே வரும். ஓமவல்லி, வெத்தல கொடி ரெண்டும் நெழல்லயே நல்லா வரும், நேரடி வெயில்தான் வெத்தலைக்கு ஆவாது. வெந்தயத்த ராத்திரி ஊற வச்சு பழைய ஸ்வீட் பாக்ஸ்ல நெருக்கமா தூவி வுடு, நாலு வெரல் உசரம் வந்ததும் கத்தரிக்கோல்ல வெட்டி பருப்புல போடு, அது பெருசாவற வரைக்கும் காத்துனு இருக்காத, நெழல்ல சாஞ்சு பூடும். புளிச்சகீர மட்டும் இப்ப வேணாம், அதுக்கு வெயில் வேணும். களிக்கு புளிச்சகீர கடையல் இல்லாம எப்டின்னு கேட்டா, மார்க்கெட்ல கட்டா விக்குது, வாங்கிக்க.

அப்றம் ஆடில கத்திரி போடறதா இருந்தா கடைல விக்கற ஹைப்ரிட் வெத எதுக்கு, நம்ம எலவம்பாடி முள்ளு கத்திரி போடு. வேலூர் முள்ளு கத்திரின்னு 2023ல புவிசார் குறியீடு குடுத்துட்டாங்க, நாமளே வளக்கலன்னா எப்டி. விரிஞ்சிபுரத்துல வேளாண் அறிவியல் நிலையம் கீது, போய் கேளு. காம்புலயும் தண்டுலயும் முள்ளு இருக்கும், வீட்டுல சின்ன பசங்க இருந்தா கைப்பிடி ஓரமா வையி.

பால்கனி விவசாயி:
ரொம்ப நன்றி எல்லாருக்கும். வடக்கு சைடு வீட்டு அக்கா கிட்ட கேட்டேன், அவங்க சமையல் ரூம் ஜன்னல்ல வெயில் வருதாம்!! சாஃப்ட்னர் இருக்குன்னு செக்யூரிட்டி அண்ணன் சொல்றாரு, ஆனா குடிக்கற தண்ணி குழாய்க்கு அந்த லைன் போகலயாம். இனிமே அதுல இருந்தே புடிச்சுக்கறேன். முழு செவுருதான், ஸ்டாண்டு போடணும். வெயிட்டு தாங்குமா? கீழ் வீட்டுல தண்ணி சொட்டுதுன்னு ஏற்கனவே ஒரு தடவ சண்ட.

பாகாயம் மாடிவாசி:
செம்மண்ணு மட்டும் ரொப்பினா ஒரு பெரிய பேக் நனைஞ்சதும் முப்பது கிலோவுக்கு கொறையாது. செம்மண், கோகோபீட் (தேங்கா நார் தூள்), மக்குன உரம் மூணும் சமமா கலந்தா வெயிட்டு நல்லா கொறையும், கோகோபீட்ட மட்டும் நல்ல தண்ணில ரெண்டு தடவ அலசிட்டு போடுங்க, அதுலயும் உப்பு இருக்கும். கனமான பேக்க வீட்டு செவுரு பக்கமாவும் லேசானத வெளி பக்கமாவும் வைங்க.

அடில தட்டு வச்சா கீழ சொட்டாது, ஆனா தட்டுல தண்ணி தேங்கினா டெங்கு கொசு வந்துடும், ஒரு வாரத்துக்குள்ள கொட்டி தேச்சு காய வச்சுடணும். கார்ப்பரேஷன்ல கொசு பாக்க வர்றவங்க மொதல்ல எட்டி பாக்கறது அந்த தட்டுதான்.

காட்பாடிக்காரி:
கீழ் வீட்டுக்கு புதினா ஒரு கட்டு குடுங்க, பாதி சண்ட அதுலயே போயிடும். மிளகா செடி எப்படி இருக்குன்னு சொல்லவே இல்லயே? இலை மேல் பக்கமா சுருண்டா இலப்பேன், கீழ் பக்கமா சுருண்டா சிலந்திப்பேன், ரெண்டுக்கும் மருந்து வேற. ஒரு போட்டோ போடுங்க, இலையோட அடிப்பக்கம் தெரியற மாதிரி.