கிராமப்புற மருத்துவமனையில் எம்.டி. மாணவர்களுக்கு எதைக் கற்பிப்பது?

கேள்வி (பொது மருத்துவர், தர்மபுரி மாவட்டம்):
சுற்றுவட்டக் கிராம மக்களே பெரும்பாலும் வரும் ஓர் அரசு மருத்துவமனையில் பணியாற்றுகிறேன். 2020இல் அறிவிக்கப்பட்ட மாவட்ட ரெசிடென்சி திட்டத்தின்படி, பட்டமேற்படிப்பு மாணவர்கள் மூன்றாம், நான்காம் அல்லது ஐந்தாம் பருவத்தில் மூன்று மாதங்கள் எங்களைப் போன்ற இடங்களில் பயிற்சி பெற வேண்டும். அவ்வாறு வந்துள்ள இருவருக்கு நான் பொறுப்பு. புறநோயாளிகள் வரிசை முடியவே மதியம் ஆகிறது, எம்.ஆர்.ஐ. கருவியும் இல்லை. கல்லூரியில் கிடைக்காத எதை நான் இவர்களுக்குத் தர முடியும்?

பதில் (மிஷன் மருத்துவமனை மருத்துவர், எம்.டி.க்கு இணையான டி.என்.பி. பட்டமேற்படிப்பின் ஆசிரியர்):
நோயாளியின் உடலை முழுவதுமாகப் பார்க்கும் பழக்கத்தைத் தாருங்கள். சென்ற மழைக்காலத்தில், எட்டு நாள் காய்ச்சலோடு வந்த விவசாயக் கூலிப் பெண்ணுக்கு என் மாணவர் நீண்ட பரிசோதனைப் பட்டியலை எழுதி வந்தார். செவிலியரை உடன் வைத்துக்கொண்டு தோல் மடிப்புகளைப் பார்த்து வருமாறு திருப்பி அனுப்பினேன். மார்பின் அடிமடிப்பில், சிகரெட்டால் சுட்டதுபோல் கறுத்த பொருக்கும் அதைச் சுற்றிச் சிவந்த விளிம்பும் இருந்தன. அது சிற்றுண்ணி கடித்த இடம்; உண்ணிக் காய்ச்சல் (ஸ்க்ரப் டைபஸ்) என்று அன்று மாலையே டாக்சிசைக்ளின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி மருந்தைத் தொடங்கினோம். இரண்டு நாளில் காய்ச்சல் தணிந்தது, எலிசா இரத்தப் பரிசோதனையின் முடிவு அதற்குப் பிறகுதான் வந்தது. நேரத்தைப் பொறுத்தவரை, புறநோயாளிகள் பிரிவு தொடங்குமுன் காலை ஏழரை மணிக்கு ஒரே ஒரு நோயாளியின் படுக்கையருகே நின்று பேசுங்கள். மதியத்துக்குத் தள்ளிவைத்த வகுப்பு நடப்பதே இல்லை.

பதில் (முன்னாள் மாணவி):
பாம்புக்கடியை மறக்காதீர்கள், ஐயா. இரத்தம் உறையும் சோதனைக்கு நான் பிளாஸ்டிக் குழாயை எடுத்தபோது, என் ஆசிரியர் தம் இரத்தத்தையே 2 மி.லி. வீதம் பிளாஸ்டிக்கிலும் சுத்தமான, உலர்ந்த புதிய கண்ணாடிக் குழாயிலும் எடுத்து, 20 நிமிடம் அசைக்காமல் வைத்துச் சாய்த்துக் காட்டினார். கண்ணாடியில் உறைந்திருந்தது, பிளாஸ்டிக்கில் வழிந்தது. இரத்தத்தை உறையவிடாத கண்ணாடி விரியன் கடிக்கு உதவும் இந்தச் சோதனை, நரம்புகளைத் தாக்கும் கட்டு விரியன் கடியில் இயல்பாகவே இருக்கும் என்பதையும் அன்றே சொன்னார். தரையில் படுத்துறங்கி, விடியலில் வயிற்றுவலியோடு எழுந்தவரின் இமைகள் சரிந்தால், கடித்த தடம் இல்லாவிட்டாலும் கட்டு விரியன் கடியோ என்று ஐயப்பட வேண்டும்.

பதில் (ஓய்வுபெற்ற அரசு மருத்துவர்):
ஒன்றை மட்டும் வலியுறுத்துகிறேன்: வந்தவர்களை டியூட்டி பட்டியலின் காலியிடங்களை நிரப்பும் ஆட்களாக்கிவிட வேண்டாம். நான் பயின்ற இடத்தில் அதுவே நடந்தது. அங்கிருந்த காலத்தில் ஒருமுறைகூட யாரும் என்னோடு அமர்ந்து ஒரு நோயாளியைப் பற்றிப் பேசவில்லை. மேலும், தமிழ்நாட்டில் அரசுக் கல்லூரிகளின் மாநில ஒதுக்கீட்டுப் பட்டமேற்படிப்பு இடங்களில் 50 விழுக்காடு பணியிலுள்ள அரசு மருத்துவர்களுக்கு உரியது என்பதால், உங்களிடம் வந்தவர்கள் ஏற்கெனவே ஆரம்ப சுகாதார நிலையத்தில் பணிபுரிந்தவர்களாக இருக்கலாம். அதை முதலில் கேட்டறியுங்கள்.

கேட்டவர்:
கேட்டேன். ஒருவர் மலைக்கிராமத்தில் மூன்று ஆண்டுகள் பணியாற்றியவராம். நாளை ஏழரை மணிக்கு, ஆறு நாள் காய்ச்சலோடு இருக்கும் பெரியவரின் படுக்கையருகே அவரையே முதலில் பேசச் சொல்லியிருக்கிறேன்.