கத்தி வைக்காமல் கல்லை உடைத்த சிவியால்: நோயாளி எப்படித் தாங்கினார்?

செவலை:
அப்பாவுக்குப் போன மாதம் சிறுநீர்ப்பைக் கல்லை லேசர் வைத்து உடைத்தார்கள். முதுகில் ஊசி போட்டதால் அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. இந்த வேலையை 1824-லேயே பாரிஸில் ழான் சிவியால் என்ற மருத்துவர் செய்துவிட்டாராமே? ஈதர் மயக்கம் வந்ததே 1846-ல்தான். எப்படித் தாங்கினார்கள்?

தியேட்டர் அண்ணன்:
யூராலஜி (சிறுநீர்ப் பாதை வைத்தியம்) ஆபரேஷன் தியேட்டரில் 22 வருஷம் கருவி எடுத்துக் கொடுத்தவன் நான், தம்பி. வலி இருந்திருக்கும். ஆனால் அதற்கு முன்பு ஆளை நாலு பேர் அமுக்கிப் பிடிக்க, கீழே கிழித்து இடுக்கியால் கல்லைப் பிடுங்குவார்கள். அதற்கு இது எவ்வளவோ தேவலை.

சிவியால் நேரான குழாய் ஒன்றை மூத்திர வழியாகவே உள்ளே விட்டார். அதன் முனையில் மூன்று கொக்கி. பைக்குள் போனதும் விரிந்து கல்லைக் கவ்வும். நடுவே ஒரு துளைப்பான். தச்சர்கள் கயிறு சுற்றிய வில்லை முன்னும் பின்னும் இழுத்து மரத்தில் துளை போடுவார்களே, அப்படியே சுழற்றிக் கல்லைக் குடைந்தார். பொடி மூத்திரத்தோடு வந்துவிடும். ஒரே நாளில் முடியாது, சில நாள் விட்டு மறுபடியும்.

நாங்கள் திரையைப் பார்த்துக்கொண்டு வேலை செய்கிறோம். அவருக்கு உள்ளே வெளிச்சமே கிடையாது. கவ்வியது கல்லா, பையின் சுவரா என்று கைதான் சொல்ல வேண்டும்.

கணக்கன்:
1835-ல் அவருடைய கணக்கு பாரிஸ் அறிவியல் அகாடமிக்குப் போனது. கிழித்து எடுத்ததில் நூற்றுக்குச் சுமார் 19 பேர் சாவு, உடைத்ததில் 2 பேர். ஆனால் பெரிய கல், மோசமான உடம்பு எல்லாம் கத்திக்குத்தானே போயிருக்கும்? ஒப்பீடே சரியில்லை.

தியேட்டர் அண்ணன்:
சரிதான், ஆளைப் பொறுக்கித்தான் எடுத்தார். லெரூவா தெத்தியோல் என்ற இன்னொரு மருத்துவர் வேறு ‘கருவி என் யோசனை’ என்று கடைசிவரை சண்டை போட்டார். ஆனாலும் பாரிஸின் நெக்கேர் மருத்துவமனையில் கல் நோயாளிகளுக்கென்றே தனி வார்டு நடத்தியது சிவியால்தான். 1867-ல் அவர் இறந்த பிறகு அங்கே வந்த மருத்துவர் கியோன்தான் 1890-ல் பாரிஸில் இந்த யூராலஜித் துறைக்கு முதல் பேராசிரியர்.

அது போகட்டும், அப்பாவுக்கு மூத்திர டியூப் எடுத்தாயிற்றா? அதன் மேல் 18 என்று போட்டிருந்தால் தடிமன் 6 மில்லிமீட்டர், மூன்றால் வகுக்க வேண்டும். அந்த அளவும் அதே காலத்துப் பாரிஸ் கருவிக்காரர் ஷாரியேர் வைத்ததுதான்.

செவலை:
நேற்றுதான் எடுத்தார்கள் அண்ணே. 16 போட்டிருந்தது.