பழைய யாஹூ கணக்கை மூடலாமா? புதியதற்கு மாறி ஆறு மாதம் ஆகிறது

ஈசூன்வாசி:
வணக்கம். 2003-ல் தேசிய சேவையில் இருந்தபோது திறந்த யாஹூ கணக்கு. இப்போது எல்லாம் ஜிமெயிலில்தான். பழையதில் வருவது தள்ளுபடி விளம்பரம் மட்டுமே, மூடிவிடலாம் என்று உட்கார்ந்தேன். "சிங்பாஸில் எந்த முகவரி இருக்கிறது?" என்று மனைவி கேட்டார். சிங்கப்பூர் அரசாங்கச் சேவைகளுக்குள் நுழையும் கணக்கு அது. பார்த்தால் யாஹூ! அதை மாற்றிவிட்டேன், வங்கியும் சிபிஎஃப் சேமநிதிக் கணக்கும்கூட ஆயிற்று. இன்னும் எதையெல்லாம் பார்க்க வேண்டும்? வருகிற அஞ்சலைப் புதியதற்குத் திருப்பிவிடலாம் என்றால் அதற்குப் பணம் கேட்கிறது.

தேக்கா டீ:
திருப்பிவிடும் வசதியை 2021 தொடக்கத்திலேயே இலவசக் கணக்குகளுக்கு எடுத்துவிட்டார்கள். அதை விடுங்கள். முதலில் ஜிமெயிலின் பாதுகாப்புப் பக்கத்தைத் திறந்து, மீட்பு முகவரியாக என்ன கொடுத்திருக்கிறீர்கள் என்று பாருங்கள். பலருக்கும் அங்கே பழைய யாஹூதான் இருக்கும். பழையதை மூடிய பிறகு ஒருநாள் ஜிமெயில் கடவுச்சொல் மறந்தால், மீட்புக் குறியீடு, நீங்கள் மூடிவிட்ட பெட்டிக்குப் போகும்.

அப்புறம், யாஹூவின் தேடல் பெட்டியில் வெல்கம், வெரிஃபை, ரிசீட், பாஸ்வேர்ட் ஆகிய சொற்களை ஆங்கிலத்தில் தட்டிப் பாருங்கள். எங்கெங்கே கணக்குத் திறந்தோம் என்று நமக்கே மறந்துபோனது எல்லாம் வரிசையாக வரும்.

ஜூரோங் அண்ணன்:
தம்பி, ஆறு மாதம் போதாது. வருடத்துக்கு ஒருமுறை மட்டுமே எட்டிப் பார்க்கும் அஞ்சல்கள் உண்டு. என் காப்புறுதித் தவணை நினைவூட்டல் பழைய முகவரிக்கே போய்க்கொண்டிருந்தது. நான் அந்தப் பக்கமே போகவில்லை. சலுகைக் காலம் முடிய நான்கு நாள் இருக்கும்போது முகவர் போன் செய்ததால் தப்பித்தேன். வருமான வரிக் கணக்குத் தாக்கலும் மார்ச் 1 முதல் ஏப்ரல் 18 வரைதான், அதையும் ஒருமுறை தாண்டிப் பாருங்கள்.

ஊரில் என்ஆர்ஐ வங்கிக் கணக்கு இருக்கிறதா? எனக்கு அங்கே மின்னஞ்சல் மாற்ற நேரில் வந்து படிவம் எழுதித் தரச் சொன்னார்கள். பொங்கலுக்குப் போனபோதுதான் முடிந்தது.

ஈசூன்வாசி:
தேக்கா டீ, நீங்கள் சொன்னது அப்படியே சரி. மீட்பு முகவரி யாஹூதான்! மாற்றிவிட்டேன். அண்ணே, ஊரில் அப்பா பெயரோடு சேர்ந்த கணக்கு ஒன்று இருக்கிறது, அதை மறந்தே போயிருந்தேன். இன்னொரு சந்தேகம்: அம்மா எழுதிய பழைய மடல்களை எப்படி எடுத்து வைப்பது?

புங்கோல் பொடியன்:
கணினியில் தண்டர்பேர்ட் என்ற மின்னஞ்சல் மென்பொருளைப் போட்டு, யாஹூவை ஐமேப் (அஞ்சல் பெட்டியைக் கணினியோடு ஒத்திசைக்கும் முறை) வழியாக இணையுங்கள். வழக்கமான கடவுச்சொல்லை அது ஏற்காவிட்டால் யாஹூவின் பாதுகாப்புப் பக்கத்தில் செயலிக்கென்று தனிக் கடவுச்சொல் உருவாக்கிக்கொள்ளலாம். மடல்கள் திரையில் தெரிந்தவுடன் வேலை முடிந்தது என்று நினைத்துவிடாதீர்கள். ஐமேப் என்பது கண்ணாடி மாதிரி. அங்கே அழிந்தால் இங்கேயும் போகும். 'லோக்கல் ஃபோல்டர்ஸ்' என்ற அடைவுக்கு நகல் எடுத்து, இணையத்தைத் துண்டித்துவிட்டு நாலைந்து மடல்களைத் திறந்து பாருங்கள். திறந்தால்தான் உங்களுடையது.

தேக்கா டீ:
ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். மூடவே வேண்டாம். 2013-ல் பயன்படுத்தாத முகவரிகளை யாஹூ வேறு ஆட்களுக்குக் கொடுத்தது. உங்கள் பெயரில் இன்னொருவர் உட்கார்ந்தால், நீங்கள் மாற்ற மறந்த ஏதோ ஒரு கடையின் மீட்புச் சுட்டி அவர் கைக்குப் போகும். காலியாக்கி வைத்துக்கொள்ளுங்கள். 12 மாதம் உள்ளே நுழையாவிட்டால் அவர்களே மூடிவிடுவார்கள், அதனால் அவ்வப்போது தலைகாட்டினால் போதும்.

ஜூரோங் அண்ணன்:
வைத்திருப்பதென்றால் கடவுச்சொல்லை மாற்றி, இரண்டடுக்குச் சரிபார்ப்பும் போட வேண்டும். 2013 திருட்டில் அப்போதிருந்த 300 கோடிக் கணக்குகளும் அகப்பட்டன, தம்பியுடையதும் அதில் அடக்கம். மூடுவதென்றால், பெரும்பாலான நாடுகளில் சுமார் 30 நாள் காத்திருப்பு உண்டு. அதற்குள் உள்ளே நுழைந்தால் கணக்கு மறுபடி உயிர்பெற்றுவிடும். கை துறுதுறுத்தாலும் போகாதீர்கள் லா.

ஈசூன்வாசி:
சரி, இப்போதைக்கு மூடவில்லை. அம்மாவின் மடல்களை நகலெடுத்தாயிற்று, இணையமில்லாமலும் திறக்கின்றன. கடவுச்சொல்லையும் மாற்றிவிட்டேன். தேடியதில் நூலகக் கணக்கு, ஒரு விமான நிறுவனத்தின் மைல் கணக்கு, பையனின் நீச்சல் வகுப்பு மூன்றும் பழைய முகவரியில் சிக்கின. அடுத்த ஏப்ரல் தாண்டட்டும். அதுவரை மாதம் முதல் தேதி உள்ளே போய்ப் பார்க்கக் கைப்பேசியில் நினைவூட்டல் வைத்திருக்கிறேன்.